‘போலீஸ் ஸ்குவாட்!’: ஆறே எபிசோடில் கடையை மூடியது சரியா?

திண்ணைதூங்கி

மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது 1982-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த ‘போலீஸ் ஸ்குவாட்!’ தொடரை முழுசாகப் பார்த்து முடித்தேன். முழுசாக என்றால் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. மொத்தமே ஆறு எபிசோடுதான். விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம் தேறும். நம்மூர் சீரியலில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கே இதைவிட அதிக நேரம் எடுப்பார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ஜிம் ஏப்ரஹாம்ஸ், டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் என்ற மூன்று பேர் 1980-ல் ‘ஏர்பிளேன்!’ எடுத்து, போட்ட பணத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் அள்ளினார்கள். அடுத்து டிவிக்கு வந்து செய்தது இது. போலீஸ் தொடர்களைக் கேலி செய்யும் போலீஸ் தொடர். லெஸ்லி நீல்சன்தான் துப்பறியும் அதிகாரி ஃபிராங்க் டிரெபின். மார்ச் 4-ந் தேதி ஆரம்பித்து வாரம் ஒன்றாக நாலு எபிசோடு போட்டார்கள், தூக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்த இரண்டை ஜூலையில், ஆள் இல்லாத நேரத்தில், கடன் தீர்ப்பதுபோல் ஒளிபரப்பினார்கள்.

ஏன் தூக்கினார்கள் என்று கேட்டதற்கு ஏபிசியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் டோனி தொமாப்புலஸ் சொன்ன காரணம்தான் என்னை இங்கே எழுத வைத்தது. இதை ரசிக்க வேண்டுமென்றால் பார்வையாளர் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்!

டிவி நிகழ்ச்சி. பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் நிறுத்தினோம். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கருத்து என்ன?

வடைச்சட்டி

இந்தக் காரணத்தைக் கிண்டல் செய்யாதவர்களே இல்லை. ஆனால் அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பேன். அடிக்க வராதீர்கள்.

எங்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருக்கும், பாட்டி அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். ஏழரை மணி சீரியலை அவர் பார்த்து நான் கண்டதே இல்லை. ஆனால் யார் யாரை ஏமாற்றினார்கள், யாருக்குக் கர்ப்பம், எல்லாம் அத்துப்படி. பின்னணி இசை உயர்ந்தால் மட்டும் கத்தியோடு எட்டிப் பார்ப்பார். டிவி என்பது பாதிக்கு மேல் காதால் பார்க்கிற சாதனம். 1982-ல் அமெரிக்காவிலும் துணி மடித்துக்கொண்டேதான் பார்த்திருப்பார்கள்.

இந்தத் தொடரைக் காதால் பார்க்க முடியாது. அல் என்று ஒருவர் வருவார். ரொம்ப உயரம், தலை ஃபிரேமுக்கு மேலே போய்விடும். கழுத்துக்குக் கீழேதான் நமக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பாட்டிக்கு இதில் என்ன கேட்கும்?

எடிட்டர்மாமா

திண்ணை, நல்ல இழை. தொழில்முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே அந்த ஒரு இடம்தான்.

அந்தக் காலத்து அமெரிக்க போலீஸ் தொடர் முடியும்போது ஒரு வழக்கம் உண்டு. கேஸ் முடிந்துவிடும், ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு மொக்கை ஜோக்குக்குச் சிரிப்பார்கள், சிரித்த வாயோடு படம் உறைந்து நிற்கும், அதன் மேல் பெயர்கள் ஓடும். பிலிமில் இதைச் செய்ய லேபில் ஆப்டிகல் பிரிண்டரில் ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட வேண்டும். ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இவர்கள் அதைச் செய்யவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். நடிகர்கள்தான் உறைந்த மாதிரி அசையாமல் நிற்பார்கள். ஒரு எபிசோடில் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ‘உறைவார்கள்’. காபி உறையுமா? நிரம்பி, வழிந்து, மேஜையெல்லாம் ஓடும். ஊற்றுகிறவர் முகத்தில் சிரிப்பு மாறாது. இன்னொன்றில் கைதி ஒருவன், எல்லோரும் சிலையாகி நிற்பதை மெதுவாகக் கவனித்து, சரி இதுதான் சமயம் என்று தப்பிக்கப் பார்ப்பான். இன்னொன்றில் ஒரு சிம்பன்சி. ஒரு டெக்னிக்கின் பொய்யை அந்த டெக்னிக்கை விட்டுவிட்டே காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. இது பெயர்கள் ஓடும் நேரம். அப்போது யார் டிவியைப் பார்ப்பார்கள்? சேனல் மாற்றவோ தண்ணீர் குடிக்கவோ எழுந்திருப்பார்கள். தொடரின் தலைசிறந்த ஜோக்கை எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில் வைத்திருக்கிறான்கள், படவாக்கள்.

நெல்லைச்சீமை

நான் முதல் எபிசோடு பார்த்தேன். பாதியில் நிறுத்திட்டேன். சிரிப்பே வரலை. எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

திண்ணைதூங்கி

அண்ணாச்சி, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

நெல்லைச்சீமை

பேங்க் மாதிரி ஒரு இடம். ஒரு பொம்பளை ரெண்டு பேரைச் சுட்டுட்டு, ஒருத்தன் கொள்ளையடிக்க வந்தான், அவன்தான் மற்றவனைச் சுட்டான்னு கதை கட்டுது. போலீஸ் விசாரிக்குது. யாரு யாரைச் சுட்டா, யாரு விழுந்தான்னு ஏதோ குழப்பிக்கிட்டே போகுது. இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு வேகமா ஓடாது.

சுக்குக்காபி

அச்சச்சோ அண்ணாச்சி, அந்தத் தொடரிலேயே வசனத்துக்குப் பேர்போன இடம் அதுதான்!

அங்கே செத்துப்போன கொள்ளைக்காரன் என்று அவள் சொல்கிற ஆளின் குடும்பப் பெயர் ட்வைஸ். ‘இரண்டு தடவை’ என்றும் அர்த்தம் வரும். “நீ ட்வைஸைச் சுட்டாய்” என்று போலீஸ் கேட்டால் அவள் “இல்லை, ஒரு தடவைதான் சுட்டேன்” என்பாள். இதேபோல ஃபெல் என்று இன்னொருவர், ‘விழுந்தான்’ என்றும் கேட்கும். அப்படியே முடிச்சு மேல் முடிச்சாகப் போகும். இதைத் தமிழில் சொன்னால் செத்துவிடும். காளமேகத்தின் சிலேடையை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தால் என்ன ஆகும், அந்தக் கதைதான்.

வடைச்சட்டி

ஏன் சாக வேண்டும்? செத்தவன் பெயரை ஆறுமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆறுமுகத்தைச் சுட்டியா?”

“இல்ல சார், ஒரு முகத்தைத்தான் சுட்டேன்.”

நெல்லைச்சீமை

இப்ப சிரிச்சேன்.

ராப்பறவை

வடைச்சட்டிக்கு ஒரு வடை பார்சல்.

ஆனால் நான் வேறு கட்சி. எல்லோரும் “காலத்துக்கு முந்திய தொடர், முட்டாள் சேனல் கொன்றுவிட்டது” என்று பாடுகிறார்கள். எனக்கென்னவோ ஆறோடு முடிந்ததுதான் இதற்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது. நான் ஒரே ராத்திரியில் ஆறையும் பார்த்தேன். மூன்றாவதில் எனக்கு விதிகள் புரிந்துவிட்டன. கார் வந்து நின்றால் குப்பைத் தொட்டி மேல் மோதும். ஆய்வகத்தில் டெட் ஓல்சன் ஒரு குழந்தைக்கு ஏடாகூடமான விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஷூ பாலிஷ் போடும் ஜானியிடம் காசு கொடுத்தால் தகவல் வரும். நாலாவதில் இன்னும் சிரித்தேன், ஐந்தாவதில் தலையாட்டினேன். இருபத்திரண்டு எபிசோடு போயிருந்தால்? நினைத்துப் பாருங்கள். நிமிஷத்துக்கு நாலு ஜோக் தயாரிக்க எந்த மனிதனால் முடியும்?

சுக்குக்காபி

ராப்பறவை, நீங்கள் சொன்ன ஜானி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரே ஜோக் திரும்பி வருவது இல்லை. போலீஸ் கதைகளில் ‘இன்ஃபார்மர்’ என்று ஒரு ஆள் எப்போதும் இருப்பான், தெருவோரம் உட்கார்ந்து ஊரில் நடக்கிற சகலமும் தெரிந்து வைத்திருப்பான். இவர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள். சகலமும் தெரியும் என்றால் நிஜமாகவே சகலமும். டிரெபின் காசு கொடுத்துத் துப்பு வாங்கிப் போன பிறகு அடுத்த ஆள் நாற்காலியில் உட்காருவார். பாதிரியார் வந்து மறுமையைப் பற்றிக் கேட்பார். அறுவை சிகிச்சை டாக்டர் வந்து ஆபரேஷன் எப்படிச் செய்வது என்று கேட்பார். டிவியில் இசை நிகழ்ச்சி நடத்திய டிக் கிளார்க், டிக் கிளார்க்காகவே வந்து ஸ்கா இசை என்றால் என்ன என்று விசாரிப்பார். எல்லோரும் காசை நீட்ட வேண்டும். காசு வரும்வரை “எனக்கொன்றும் தெரியாது” என்பான் ஜானி.

வில்லியம் டூவல் என்ற நடிகர். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் திருத்துகிறவர்போல் சொல்லிக்கொண்டே போவார்.

எடிட்டர்மாமா

குப்பைத் தொட்டியிலும் ஒரு கணக்கு இருக்கிறது, ராப்பறவை. எத்தனாவது எபிசோடோ அத்தனை தொட்டியில் மோதும் என்பார்கள். இனிமேல் எண்ணிப் பாருங்கள்.

ராப்பறவை

இதைச் சொல்லி என்னைத் திரும்ப முதலிலிருந்து பார்க்க வைக்கிறீர்களே மாமா. இதுதான் அந்த ஏபிசி ஆள் பயந்தது.

புளியமரத்தடி

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். இழையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி: இது அங்கதமா, வெறும் பகடியா?

பகடி என்றால் ஒன்றைப்போலச் செய்து காட்டிச் சிரிக்க வைப்பது, அவ்வளவுதான். அங்கதத்தில் யாரையாவது குத்த வேண்டும். இந்தத் தொடர் யாரைக் குத்துகிறது? லீ மார்வின் நடித்த ‘எம் ஸ்குவாட்’ என்ற 1957-60 காலத்துத் தொடரின் ஆரம்பக் காட்சியை நகலெடுத்திருக்கிறார்கள். க்வின் மார்ட்டின் தயாரித்த தொடர்களில் கேட்கும் அதே அறிவிப்பாளர் ஹாங்க் சிம்ஸையே கூப்பிட்டு அதே தொனியில் பேச விட்டிருக்கிறார்கள். செத்த பாம்பை அடிப்பதுபோல இல்லையா? ஊழல் இல்லை, அரசியல் இல்லை, ஜனங்களின் பாடு இல்லை.

திண்ணைதூங்கி

புளியமரம் ஐயா, உங்களிடமே கற்றதைத் திருப்பிச் சொல்கிறேன். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. நேராகத் திட்டுவது ஒன்று, மறைத்துக் குத்துவது ஒன்று. இது இரண்டாவது வகை.

எபிசோடு பெயர் விஷயத்தைக் கவனித்தீர்களா? திரையில் ஒரு தலைப்பு எழுதியிருக்கும், ஹாங்க் சிம்ஸ் கம்பீரமாக வேறு ஒரு தலைப்பை வாசிப்பார். முதல் எபிசோடில் திரையில் ‘ஒரு கணிசமான பரிசு’ என்ற மாதிரிப் பெயர், குரல் சொல்வது ‘மீறிய வாக்குறுதி’. ஆறிலும் அப்படியே. யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது குத்துகிற இடம் புரிகிறது: கம்பீரமான குரலில் சொன்னால் என்ன சொன்னாலும் நம்புகிறோம். எழுதியிருப்பதும் கேட்பதும் வேறாக இருந்தால்கூட.

டிரெபின் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் அதே. சார்ஜன்ட் என்பார், அதே மூச்சில் டிடெக்டிவ் லெஃப்டினென்ட் என்பார், போலீஸ் துறையின் தனிப் பிரிவான போலீஸ் ஸ்குவாட் என்பார். பதவி என்னவென்று அவருக்கும் தெரியாது, கேட்பவனும் கேட்க மாட்டான். சீருடைக்கு முன்னால் நாம் எப்படி நிற்கிறோம் என்பதுதான் அங்கே கேலிப்பொருள்.

புளியமரத்தடி

பாதி ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கிச் சண்டை ஒன்றையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். டிரெபினும் குற்றவாளியும் மறைந்து மறைந்து சுட்டுக்கொள்வார்கள், குளோசப்பில் பயங்கரமாக இருக்கும். கேமரா பின்னால் நகர்ந்தால் இருவருக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு குண்டும் படாது. அடிதடிக் காட்சிகள் எப்படி ஒட்டுப்போடப்படுகின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் ‘ஜப்பானியத் தோட்டம்’ ஜோக்? தோட்டத்தில் செடிக்குப் பதில் ஜப்பானியர்களைத் தொட்டியில் நிற்க வைத்திருப்பது? அது யாரைக் குத்துகிறது? வார்த்தை விளையாட்டு என்று தப்பிக்க முடியாது. நிற்கிறவர்களுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

சுக்குக்காபி

அதை நானும் காப்பாற்ற மாட்டேன். எனக்கும் அங்கே வாய் மூடிக்கொண்டது.

கெமிஸ்ட்ரிவாத்தியார்

நீல்சனைப் பற்றி யாருமே எழுதவில்லையே! அவர் ஐம்பதுகளிலிருந்து கம்பீரமான வேடங்களில் நடித்த மனிதர். கப்பல் தலைவன், டாக்டர், அதிகாரி என்று. ‘ஏர்பிளேன்!’ வரும்வரை யாரும் அவரைக் காமெடியன் என்று நினைத்ததில்லை. இந்த மூவரும் அவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்: ஜோக் சொல்லத் தெரிந்தவர் வேண்டாம், ஜோக் நடப்பதே தெரியாதவர்போல் நிற்கத் தெரிந்தவர் வேண்டும்.

வகுப்பில் நான் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு கடி ஜோக் சொன்னால் பையன்கள் முனகுவார்கள். அதையே சமன்பாடு எழுதும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னால் கடைசி பெஞ்சு உருளும்.

அந்த நடிப்புக்கு அவருக்கு அமெரிக்க டிவி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது, எழுத்துக்கும் ஒன்று. தொடர் அதற்குள் காலி.

ராப்பறவை

வாத்தியார் சொன்னதோடு ஒட்டி: பின்னணியில் சிரிப்பொலி கிடையாது. அப்போதைய அமெரிக்க அரைமணிக் காமெடிகளில் பெரும்பாலும் சிரிப்புச் சத்தம் சேர்ப்பார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் டியூஷன் அது. இதில் டியூஷன் இல்லை. வடைச்சட்டியின் பாட்டிக்கு இசை உயர்ந்தால் எட்டிப் பார்க்கச் சொல்லும் சிக்னல் இருந்தது. இங்கே எந்த சிக்னலும் இல்லை.

ஆக நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ‘பார்க்க வேண்டியிருக்கிறது’ என்பது முட்டாள்தனமான காரணம் இல்லை, வியாபாரக் காரணம். முகம் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன்.

எடிட்டர்மாமா

இன்னொன்று, திரையின் அளவு. 1982-ல் வீட்டு டிவி சின்னப் பெட்டி, மங்கலான படம். இவர்கள் சினிமாக்காரர்கள். பின்னணியில், ஓரத்தில், கதவுக்கு அப்பால் எல்லாம் ஜோக் வைப்பார்கள். தியேட்டரில் அது தெரியும். அதனால்தான் 1988-ல் இதே டிரெபினை வைத்து ‘தி நேக்கட் கன்’ எடுத்தபோது ஓடியது. படத்தின் முழுப்பெயரிலேயே ‘போலீஸ் ஸ்குவாட் கோப்புகளிலிருந்து’ என்று ஒட்டியிருப்பார்கள். தொடரில் வீணாய்ப்போன ஜோக்குகள் பலவற்றைத் துடைத்து எடுத்து அங்கே மறுபடி பயன்படுத்தினார்கள். 1991, 1994 என்று இன்னும் இரண்டு. 2025-ல் லியாம் நீசன், டிரெபினின் மகனாக. ஆறு எபிசோடு விதைநெல்லுக்கு இவ்வளவு அறுவடை.

வடைச்சட்டி

சிறப்பு விருந்தினர் விஷயத்தை யாராவது சொல்லுங்களேன், நான் சொன்னால் நீளும்.

சுக்குக்காபி

நான் சொல்கிறேன். ஒவ்வொரு எபிசோடின் ஆரம்பத்திலும் “இன்றைய சிறப்பு விருந்தினர்” என்று ஒரு பிரபலத்தின் பெயரை அறிவிப்பார்கள். பெயர் திரையில் இருக்கும்போதே அந்த ஆள் செத்துப்போவார். அவ்வளவுதான் அவர் வேஷம், அப்புறம் எபிசோடில் வர மாட்டார். பாடகர் ராபர்ட் கூலேயைத் துப்பாக்கிப் படை வரிசையில் நிற்க வைத்துச் சுடுவார்கள். ஜார்ஜ் ஸ்டான்ஃபோர்ட் பிரவுன் தலையில் இரும்புப் பெட்டி விழும். வில்லியம் ஷாட்னர் உணவகத்தில் துப்பாக்கிக் குண்டுக்கெல்லாம் குனிந்து தப்பித்து, ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு வாய் ஒயின் குடிப்பார். ஒயினில் விஷம்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. காமெடி நடிகர் ஜான் பெலுஷியை வைத்தும் அப்படி ஒரு சாவுக் காட்சி எடுத்திருந்தார்கள். முதல் எபிசோடு ஒளிபரப்பான மறுநாள், மார்ச் 5, அவர் நிஜமாகவே இறந்துபோனார். காட்சியை எடுத்துவிட்டார்கள்.

கெமிஸ்ட்ரிவாத்தியார்

அடடா.

நெல்லைச்சீமை

நேத்து ராத்திரி திரும்பவும் போட்டேன், சப்டைட்டிலோட. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அல் வந்த இடத்துல ரிமோட்டைக் கீழ போட்டுட்டேன். மூணு முடிஞ்சது. சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஒரு சந்தேகம். ரெண்டாம் பாகம்னு எழுத்து வரும்போது கீழ ஏதோ ஜெர்மன் வார்த்தை போட்டிருந்தான். அது என்ன?

எடிட்டர்மாமா

அண்ணாச்சி, இங்கிலீஷில் ‘ஆக்ட் டூ’ என்று வேகமாகச் சொன்னால் தும்மல்போல் கேட்கும். தும்மினால் அவர்கள் ஊரில் ‘கெசுண்ட்ஹைட்’ என்பார்கள். நாம் குழந்தை தும்மினால் ‘நூறு’ என்கிறோமே, அதுபோல. க்வின் மார்ட்டின் தொடர்களில் இப்படித்தான் பாகம் பாகமாக எண் போட்டுக் காட்டுவார்கள். அதைத் தும்ம விட்டுவிட்டார்கள்.

நெல்லைச்சீமை

நூறு.

திண்ணைதூங்கி

இழை நான் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. நானும் ஒரு சோதனை செய்தேன். வடைச்சட்டி பாட்டியைப்போலத்தான் என் அம்மாவும், கை வேலையோடு டிவி கேட்கிறவர். இரண்டு நாளாகப் பூத்தொடுத்துக்கொண்டே என்னோடு உட்கார்ந்து ஆறையும் ‘பார்த்தார்’. இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. குப்பைத் தொட்டிக்குச் சிரித்தார், காபி வழிந்தபோது “ஐயோ துணியைப் போடுங்கடா” என்றார். மற்றபடி பூ மேல்தான் கண்.

ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் நடிகர் பட்டியலில் “ஆபிரகாம் லிங்கனாக ரெக்ஸ் ஹாமில்டன்” என்று ஒருவரைக் காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? யாரோ லிங்கனைச் சுட, அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுடுவாரே. ஆறாவது முடிந்து பெயர்கள் ஓடும்போது அம்மா நிமிர்ந்து பார்த்து, “அந்தத் தாடிக்காரர் கடைசி வரைக்கும் வரவே இல்லையேடா” என்றார்.

வடைச்சட்டி

ஏழாவதில் வருவார் என்று சொல்லி வையுங்கள்.